கேரியரில் ஏறிய சம்பந்தி

ஆரல்வாய்மொழி
6 ஆகஸ்ட் 2025

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி யேசுரத்தினம் அவர்களுக்கு,

சுந்தர்சிங் எழுதுவது. ஸ்தோத்திரம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமில்லை. நீங்கள் நலமா என்று கேட்கிற அளவுக்கு மனசு இன்னும் ஆறவும் இல்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசிய லட்சணத்தைக் கேட்டுவிட்டு என் மகள் சஜிதா என் போனில் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். உங்கள் மகன் ஜெரிஷும் உங்கள் போனில் அதையே செய்திருப்பதாக அறிகிறேன். கல்யாணம் முடிந்த பிறகுதான் எடுப்பார்களாம். இந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால் நல்ல பொருத்தம் என்றுதான் தோன்றுகிறது. பிளாக்கை எடுக்க எனக்குத் தெரியாது. கடிதம் எழுதத் தெரியும்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். போன சனிக்கிழமை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு காண வருகிற வழக்கப்படி நாங்கள் கருங்கலுக்கு வந்தோம். சம்பந்தியம்மாள் நேசபாய் வைத்த மீன்குழம்பையும் மரச்சீனிக் கிழங்கையும் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் நீங்கள், "வாருங்க சம்பந்தி, நம்ம பந்தல் சாமான் குடோன் இந்தா இறக்கத்துலதான் இருக்கு. கல்யாணத்துக்கு எந்தப் பந்தல் போடணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். காரை எடுக்கிறேன் என்று ஜெரிஷ் சொன்னான். "காரு எதுக்குலே? நான் சவட்டுகேன், சம்பந்தி கேரியருல இருக்கட்டும்" என்று அந்த உயரமான பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது நீங்கள். அறுபது தாண்டிய இருவர் ஒரே சைக்கிளில். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். புதுச் சம்பந்தி ஆசையாகக் கூப்பிடும்போது எப்படி மறுப்பது? ஏறினேன். சர்ச் வளைவில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்காக எழுதியது.

வலது கணுக்காலில் மயிரிழை விரிசல். மாவுக்கட்டு. இடது முட்டியில் தோல் உரிந்து தென்காசி வரைக்கும் எரிகிறது. வலது காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் பதினொன்று கல்யாணம். என் மகளைக் கைபிடித்து ஆலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போக வேண்டியவன் நான். அவள் பிறந்த நாளிலிருந்து மனசுக்குள் நான் நடந்து பார்த்த தூரம் அது. இப்போது கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகவே என் மனைவியின் தோள் வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் என்னை வந்து பார்க்கவில்லை. விழுந்தவனை வந்து பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள முறை. எங்கள் பால்காரர் வந்தார். என் இடத்துக்கு வந்திருக்கும் புது லைன் இன்ஸ்பெக்டர் வந்தார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட என் சித்தப்பா மகன்கூட வந்து, காலைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்துவிட்டுப் போனான். கேரியரில் ஏற்றியவர் மட்டும் வரவில்லை.

வேறொன்றும் இல்லை.

ம. சுந்தர்சிங்
மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)


கருங்கல்
9 ஆகஸ்ட் 2025

சம்பந்தி சுந்தர்சிங் அவர்களுக்கு,

யேசுரத்தினம் சொல்ல, அவர் மனைவி நேசபாய் எழுதுவது. என் வலது கை மணிக்கட்டு ஒடிந்து கழுத்தில் தொங்குவதால் இந்த ஏற்பாடு. நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்திருக்கிறேன். (பேனா என்னுடையது. — நே.)

உங்கள் கடிதம் முழுக்க உங்கள் கால். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விழுந்தது நீங்கள் ஒருவர்தானா? வாழைத்தோட்டத்து ஓடையில் நீங்கள் மேலே, நான் நடுவில், சைக்கிள் எனக்கும் கீழே. தாடையில் தையல் போட்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதே வலிக்கிறது. (வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே காலையில் இருந்து பேசுகிறார். — நே.)

இந்தச் சைக்கிளை நான் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து சவட்டுகிறேன். காரும் லாரியும் வாங்குவதற்கு முன்னால் பந்தல் கால், பாய், பிரியாணிச் செம்பு எல்லாம் இந்தக் கேரியரில் கட்டித்தான் அதே இறக்கத்தில் இறக்கினேன். ஒரு செம்புகூட உருண்டதில்லை. ஏன்? செம்பு கேரியரில் இருந்தால் ஆடாது. நீங்கள் ஆடினீர்கள். வளைவில் பின்பக்கம் சட்டென்று ஒரு தூக்குத் தூக்கியது, அதன் பிறகு ஹாண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. (அப்போது ஹாண்டிலில் கை இருந்ததா என்று கேட்டேன். "அடுத்த வரிய எழுதுட்டி" என்றார். — நே.)

வந்து பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதே வருத்தம் இங்கேயும் உண்டு. விழுந்தவனை வந்து பார்ப்பது முறை என்றால் நானும் விழுந்தவன்தானே? உங்களுக்குக் கால்தான் முடியாது, காருக்கு என்ன? எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறதே என்பீர்கள். பஸ்ஸில் எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பேன்? (ஜெரிஷ் காரில் கூட்டிப்போகிறேன் என்றுதான் சொன்னான். "அவரு முதல்ல வரட்டும்லே, பொண்ணு வீட்டுக்காரரு அவராக்கும்" என்று இவர் சொல்லிவிட்டார். இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். — நே.)

இருந்தாலும் எனக்கு உங்கள்மேல் பகை இல்லை. எங்கள் ஊரில் எலும்புக்குக் கட்டுப்போடுகிற ஆசானிடம் சொல்லி ஒரு குப்பி எண்ணெய் வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். அந்த மாவுக்கட்டை அறுத்துப் போட்டுவிட்டு இதைத் தேயுங்கள். கால் பறக்கும். (அறுக்க வேண்டாம். இவர் கைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டுதான். எண்ணெயைத் தோளுக்குத்தான் தேய்க்கிறார், அங்கே இவருக்கு அடியே படவில்லை. — நே.)

இப்படிக்கு, கையெழுத்துப் போடக் கையில்லாத
யேசுரத்தினம்


ஆரல்வாய்மொழி
13 ஆகஸ்ட் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

எண்ணெய்க் குப்பி வந்தது. மூடியைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது, பாதி வழியிலேயே வடிந்துவிட்டது. தபால்காரர் பையைக் காட்டி, "சார், உங்க லெட்டரு மட்டும் இல்ல, ஊரு லெட்டரு எல்லாம் இன்னைக்கு ஆசான் வீட்டு மணம் மணக்கு" என்றார். அவருக்குக் காபி கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நான் விழுந்ததற்கும் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல.

நான் ஆடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்காலம் முழுவதும் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான். எங்கள் ஊர்க் காற்றை நீங்கள் பார்த்ததில்லை. ஆடி மாதம் கணவாய்க்குள்ளிருந்து அடிக்கிற காற்றில் துணி காயப்போட்டால் பக்கத்து ஊரில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தக் காற்றில், கம்பத்தின் உச்சியில், ஒரு கையில் கட்டிங் பிளேயரோடு ஆடாமல் நின்றிருக்கிறேன். உங்கள் கேரியரில் ஆடினேனாம். என்னைப் பிரியாணிச் செம்போடு ஒப்பிட்டதையும் நான் கவனிக்காமல் இல்லை.

என் வேதனை உங்களுக்குப் புரியாது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஜன்னலை மறைத்துவிட்டன. எல்லாரும் "எப்படி விழுந்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். சைக்கிளிலிருந்து என்கிறேன். "இந்த வயசுல சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று மரியாதையோடு பார்க்கிறார்கள். ஓட்டவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்றதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அங்கே ஹார்லிக்ஸ்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

டாக்டரிடம் கல்யாணத்தன்று நடந்துவிடுவேனா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். புதுக் கனெக்‌ஷன் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் நானும் மின்வாரியத்தில் எத்தனையோ தடவை "பார்ப்போம்" சொல்லியிருக்கிறேன். ஆகையால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வரும் ஞாயிறு முதல் ஓலை. உங்கள் சபையிலும் எங்கள் சபையிலும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றாம் ஓலைக்கு முன்னால் நீங்கள் இங்கே வந்து, "என் தப்புதான் சம்பந்தி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தடை சொல்ல எழுந்து நிற்பதற்கு ஒரு கால் போதும்.

கடைசி வரி கோபத்தில் எழுதியது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

சுந்தர்சிங்


கருங்கல்
18 ஆகஸ்ட் 2025

சம்பந்திக்கு,

முதல் ஓலை நேற்று வாசித்தாயிற்று. போதகர் ஜெரிஷ் பெயரைச் சொன்னதும் நான் ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தேன், நீர் எங்காவது எழுந்து நிற்கிறீரா என்று. பிறகுதான் நீர் உம்முடைய ஊர் ஆலயத்தில் இருப்பீர் என்று நினைவு வந்தது. உம்முடைய ஒரு வரியால் எனக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை. (எந்த ஞாயிறும் ஏறுவதில்லை. — நே.)

நேற்று மாலை போதகர் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு வளைவில் எதிரே பைக்கில் வந்தவர் அவர்தான் என்பது உமக்கு மறந்திருக்காது. கட்டன் சாயாவும் ஏத்தங்காய் வறுவலும் கொடுத்து, "ஐயரே, பாத்தது பாத்தபடி சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார்: "பின்னாடி இருந்தவரு என்னைக் கண்டதும் கேரியருலேயே எழும்பி நின்னு கும்பிட்டாரு."

எழும்பி நின்னு! ஓய், ஓடுகிற சைக்கிளின் கேரியரில் எழுந்து நின்று கும்பிட்டவர் நீர்! ஆடவில்லையாம். மின்கம்பமாம். காற்றாம்.

(போதகர் முதலில் சொன்னதை இவர் விட்டுவிட்டார். நான் எழுதுகிறேன். "முன்னாடி இருந்தவரு ரெண்டு கையையும் ஹாண்டில்ல இருந்து எடுத்து, ஸ்தோத்திரம் ஐயரேன்னு கும்பிட்டாரு. நான் பதில் ஸ்தோத்திரம் சொல்லதுக்குள்ள ரெண்டு பேரையும் காணல." சொல்லிவிட்டுப் போதகர் சாயா புரையேறும்வரை சிரித்தார். பிறகு, சிரித்தது தப்பு என்று அவரே கண்ணை மூடி ஜெபம் செய்தார். — நே.)

இரண்டு கை என்பது அவர் கண்ணுக்குத் தோன்றியது. ஒரு கை ஹாண்டிலில் பட்டும் படாமலும் இருந்தது. அப்படியே எடுத்திருந்தாலும் அதில் என்ன தப்பு? போதகரை ஒற்றைக் கையால் கும்பிட முடியுமா? நான் சபைக் கமிட்டியில் இருப்பவன். நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்?

சரி, அது போகட்டும். உம்முடைய கால் விஷயமாக நான் நிறைய யோசித்தேன். நீர் கஷ்டப்பட வேண்டாம். உம்முடைய தம்பி எட்சன் நல்ல திடமாக இருக்கிறார். சஜிதாவை அவர் நடத்திக்கொண்டு வரட்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் எங்கள் கடையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை முன்வரிசையில் உமக்குப் போடுகிறேன். ராஜாபோல உட்காரலாம். (இந்தப் பத்தி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நல்ல மனசோடுதான் சொல்கிறார் சம்பந்தி. அது அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்றுதான் தெரியவில்லை இவருக்கு. — நே.)

யேசுரத்தினம்


ஆரல்வாய்மொழி
22 ஆகஸ்ட் 2025

திரு. யேசுரத்தினம் அவர்களுக்கு,

எட்சன் நடத்துவானா?

இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்துவிடத்தான் பேனாவை எடுத்தேன். மனசு கேட்கவில்லை.

சஜிதாவுக்கு சைக்கிள் பழக்கியது நான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காற்றாலைகளுக்குப் போகிற மண்பாதையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். "விட்டிராதீங்கப்பா" என்று கத்திக்கொண்டே மிதித்தாள். விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே விட்டேன். அவள் நேராகப் போய்க் கருவாட்டுக்காரி கூடையில் மோதி நின்றாள். ஒரு கூடை நெத்திலியையும் நாங்களே வாங்கி, அந்த மாதம் முழுக்க அதைத்தான் தின்றோம். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கல்யாணத்தன்று பீடம் வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு போவேன் என்று அப்போது அவளுக்கு வாக்குக் கொடுத்துத்தான் சமாதானம் செய்தேன். அவளுக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. நான் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

போதகர் சொன்னது உண்மை. நான் எழுந்து நின்றேன். பெரியவர்கள், போதகர்கள் வந்தால் எழுந்திருக்காவிட்டால் எங்கள் அப்பா காலிலேயே அடிப்பார். எழுந்து நிற்பது என் காலுக்குப் பழகிவிட்டது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அது கேட்பதில்லை. ஆனால் நான் எழுந்தது, நீங்கள் கையை விட்டதற்கு முன்னாலா பின்னாலா என்பதைப் போதகரிடம் கேட்டு எழுதவும்.

சிவப்பு நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஓலை முப்பத்தொன்றாம் தேதி. நான் எழுதியது எழுதியதுதான்.

சுந்தர்சிங்


கருங்கல்
27 ஆகஸ்ட் 2025

சம்பந்திக்கு,

போதகரிடம் கேட்டேன். முன்னாலா பின்னாலா என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கண்சிமிட்டலில் நடந்தது என்கிறார். இதை விசாரிக்க இரண்டாவது தடவை போனபோது அவர் வீட்டுக் கதவையே திறக்கவில்லை.

எட்சன் விஷயத்தை மறந்துவிடுங்கள். சிவப்பு நாற்காலியை ஒரு வளைகாப்பு வீட்டுக்கு வாடகைக்கு அனுப்பிவிட்டேன். ஆலயத்தில் விரிக்கிற கம்பளம் என் கடையிலிருந்து வருகிறது, தெரியும் அல்லவா? பழையது மடிப்பில் தூக்கி நிற்கும், காலில் தடுக்கும். அதனால் புதுசு ஒன்று எடுத்து, வெயிலில் போட்டு, மேலே பந்தல் காலை உருட்டி உருட்டி மடிப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கைத்தடியோடு நடக்கிறவருக்கும் தடுக்காது. (ஒற்றைக் கையால் இவரே உருட்டுகிறார். கேட்டால் பொழுதுபோக்கு என்கிறார். — நே.)

உங்களை வந்து பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் இப்போது வந்தால், உங்கள் மிரட்டலுக்குப் பயந்து வந்ததாக ஆகிவிடும். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆகையால் மூன்றாம் ஓலை கழிந்த மறுநாள் வருகிறேன். (மூன்றாம் ஓலைக்கு முன்னால் வரச் சொல்கிறவரும், பின்னால்தான் வருவேன் என்கிறவரும்! இவர் காப்பி குடிக்கும்போதெல்லாம், "எட்டி, அவரு எழும்பிருவாரோ?" என்று என்னிடம் கேட்கிறார். சம்பந்தி, பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். — நே.)

யேசுரத்தினம்


கருங்கல்
31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஓய் சம்பந்தி,

இது இடது கை. நேசபாய் அழுதுகொண்டிருக்கிறாள், எழுதமாட்டேன் என்கிறாள். கோணலாக இருந்தாலும் படியும்.

இங்கே காணிக்கைப் பாட்டு முடிவதற்குள், உம் ஊரில் இருக்கும் நேசபாயின் சித்தி மகள் ரெஜிலா அவளுக்குப் போன் செய்துவிட்டாள். ஓலை வாசிக்கும்போது நீர் எழுந்து நின்றீராம். போதகர் வாசிப்பதையே நிறுத்திவிட்டாராம். அதற்குமேல் அவள் சொல்வதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது. சஜிதா இன்னும் ஆலயத்தில்தான் போலிருக்கிறது, ஜெரிஷ் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

என்ன ஓய் செய்தீர்?

என் தப்புதான். கேட்டுக்கொள்ளும், என் தப்புதான். இரண்டு கையையும்தான் விட்டேன். பட்டும் படாமலும் ஒன்றும் இல்லை. புதுச் சம்பந்தி பின்னால் இருக்கிறார், நம் போதகர் முன்னால் வருகிறார், இரண்டு பேருக்கும் முன்னால் நம் மரியாதையைக் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. உம்மை நான் முதல் நாளே வந்து பார்த்திருக்க வேண்டும். வெட்கத்தில்தான் வரவில்லை. வெட்கத்தைத்தான் முறை, பஸ், கம்பி என்றெல்லாம் எழுதச் சொன்னேன்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடும். பிள்ளைகளுக்குக் கொடுக்காதேயும். ஜெரிஷ் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வர எனக்கு முகமில்லை.

யேசு


ஆரல்வாய்மொழி
31 ஆகஸ்ட் 2025, மாலை

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி அவர்களுக்கு,

ஜெரிஷ் வந்தான். வெள்ளைத்தாளாகிப்போன முகத்தோடு வந்து வாசலிலேயே நின்றான். இப்போது அடுக்களையில் உட்கார்ந்து இரண்டாம் தட்டுச் சோறு சாப்பிடுகிறான். அதனால் முதலில் மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். பிறகு படியுங்கள்.

வியாழக்கிழமை மாவுக்கட்டை அவிழ்த்தார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, பையப் பைய ஊன்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். எனக்குத்தான் பயம். ஊன்றினால் மறுபடியும் ஒடிந்துவிடுமோ, செப்டம்பர் பதினொன்று போய்விடுமோ என்று அந்தக் காலைத் தரையில் வைக்கவே இல்லை. வீட்டில் எல்லாரும் திட்டியும் வைக்கவில்லை. இன்றைக்கும் எட்சன் தோளிலும் கைத்தடியிலுமாகத்தான் ஆலயத்துக்குப் போனேன். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்தேன்.

போதகர் ஓலையை எடுத்தார். "சுந்தர்சிங் குமாரத்தி சஜிதாவுக்கும்" என்று வாசித்தார். இரண்டு ஞாயிறு கேட்டதுதான். இன்றைக்கு இது கடைசி என்பது திடீரென்று உறைத்தது. இனி இந்த ஆலயத்தில் அவளை என் மகள் என்று வாசிக்கமாட்டார்கள். அடுத்த தடவை வாசிக்கும்போது ஜெரிஷ் மனைவி என்றுதான் வாசிப்பார்கள். நான் ஒன்றும் நினைக்கவில்லை சம்பந்தி. கால் எழுந்துவிட்டது.

போதகர் நிறுத்திவிட்டார். எட்சன் என் சட்டையைப் பிடித்து, "அண்ணே இரிங்க, அண்ணே இரிங்க" என்று இழுத்தான். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உங்களுக்கு எழுதிய அந்த ஒரு வரியை அவளிடமும் சொல்லித்தொலைத்திருந்தேன். போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சுந்தர்சிங், தடை எதுவும் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயரே. தடை ஒண்ணும் இல்ல. நம்ம பிள்ளைக்க பேரை வாசிச்சீங்க... எழும்பிட்டேன்" என்றேன்.

அப்போது பாடகர் குழுவிலிருந்து சஜிதா, ஆலயம் என்றும் பார்க்காமல், "அப்பா! கால்!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் தரையில் இருந்தன. தடி சுவரில் இருந்தது. ஆலயமே சிரித்தது. போதகர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஓலையை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். முடியும்வரைக்கும் நின்றுகொண்டே கேட்டேன்.

ஆராதனை முடிந்ததும் சஜிதா வந்து என் கையைப் பிடித்தாள். கருவாட்டுக் கூடையை அவளும் மறக்கவில்லையாம். பீடத்தடியிலிருந்து வாசல் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திசைதான் மாறிப்போயிற்று. மற்றபடி எல்லாம் நான் நினைத்திருந்தபடியே இருந்தது. நான் அழுதேன் என்று எட்சன் ஊரெல்லாம் சொல்கிறான். அழுதேன்தான்.

உங்கள் இடது கைக் கடிதத்தைப் படித்தேன். உங்கள் வலது கை எப்படி எழுதுமோ எனக்குத் தெரியாது, இடது கை நன்றாகவே எழுதுகிறது. தப்புப் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. போதகருக்குப் பங்கு வேண்டுமானால் அவரும் எடுத்துக்கொள்ளட்டும்.

மடிப்பெடுத்த கம்பளத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் வாருங்கள். இதைக் கொண்டுவருகிற உங்கள் மகன் கையில் மூன்று ஹார்லிக்ஸ் கொடுத்திருக்கிறேன். விழுந்தவரைப் பார்க்க வர முடியாமல் போனதற்கு அது என் முறை.

உங்கள் சம்பந்தி
சுந்தர்சிங்


கருங்கல்
1 செப்டம்பர் 2025

அன்பான சம்பந்திக்கு,

இதுவும் இடது கைதான். உங்கள் கடிதத்தை நேசபாய் சத்தமாக வாசித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை, மீதியை நான் வாசித்தேன். பிறகு என்னாலும் முடியவில்லை, ஜெரிஷ் வாசித்தான். அவன் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

பிள்ளைகள் போன் பிளாக்கை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் இந்த ஒன்றை எழுதியே அனுப்புகிறேன், கையோடு வந்து சேரட்டும். நாளை மறுநாள் காலையில் நாங்கள் எல்லாரும் உங்களைப் பார்க்க வருகிறோம். ஒரு ஏத்தங்குலை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த ஓடை வாழையில் உள்ளதுதான். நீங்கள் விழுந்தபோது உங்கள் தலைக்குமேல் தொங்கியது.

இன்னொன்று. எங்கள் போதகரும் உங்களைப் பார்க்க வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். முன்சீட்டில் அவர்தான் இருப்பார். கார் உங்கள் வாசலில் நின்று, கதவு திறந்து, அவர் தலை தெரிந்ததும் நீங்கள் எழும்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாக எழும்புங்கள். அவருக்கு முன்னால் நான் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

யேசுரத்தினம்

(கார் ஓட்டுவது ஜெரிஷ். இவருக்குப் பின்சீட்டில் நடுவில்தான் இடம். — நே.)